கணக்குப் பரீட்சை

பரீட்சைக்குப் படிக்கிற பெண் இருக்கும் வீட்டில் ஒரு மாத காலம் விருந்தாளியாக இருந்துவிட்டு வந்தேன். விருந்தாளி என்று சொல்வதுகூடத் தப்பு. மேலநீலிதநல்லூரில் இருக்கிற அந்த வீடு நான் பிறந்து வளர்ந்த வீடுதான். இப்போது என் தங்கை அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டு அங்கே இருக்கிறாள். அவள் மகள் பிளஸ் டூ பரீட்சை எழுத வேண்டிய வருஷம் அது. மாசி மாதத் தொடக்கத்தில் தங்கை டெலிபோனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒரு மாசம் இங்க வந்து இரியேன். இவளுக்குக் கணக்கு மட்டும் பிடிபட மாட்டேங்கு. நீயும் கணக்கு குரூப் எடுத்துப் படிச்சவன்தானே?"

படித்தவன்தான். 1997-இல் அதே பரீட்சையை நானும் எழுதினேன். இருநூறு மார்க்குக்கு எண்பத்தொன்று வாங்கினேன். எழுபது வாங்கினால் பாஸ். ஆகையால் என்னைக் கணக்குத் தெரிந்தவன் என்று சொல்ல ஒரு பதினொரு மார்க் சாட்சியம் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் கல்லூரிப் பக்கம் போகவில்லை. கதை எழுதிப் பிழைக்கலாம் என்று ஒருவன் முடிவு செய்வதற்கு எண்பத்தொன்று என்பது போதுமான காரணம் என்று அன்று தோன்றிற்று. இன்றும் அந்த அபிப்பிராயம் மாறவில்லை.

பழைய காலத்துக் கணக்கில் சொன்னால் நான் இன்டர்மீடியட் வரை படித்தவன். பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் நடுவே கிடக்கிற இந்த வாசற்படிக்கு நம் ராஜ்யத்தில் எத்தனையோ பெயர்கள் வைத்துப் பார்த்துவிட்டார்கள். நம் முப்பாட்டனார் காலத்தில் எப்.ஏ. என்றார்கள். பிறகு இரண்டு வருஷ இன்டர்மீடியட் வந்தது. சென்னைச் சர்வகலாசாலை 1956-இல் அதை எடுத்துவிட்டு ஒரே வருஷத்தில் முடிகிற பி.யூ.சி.யை வைத்தது. 1978-இல் அந்த பி.யூ.சி.யும் போய், மேல்நிலைப் பள்ளி என்ற பெயரில் மறுபடி இரண்டு வருஷம் ஆயிற்று. பெயர் எதுவானாலும் படி ஒன்றுதான். அதில் தடுக்கி விழுகிறவர்களுடைய முழங்காலில் படுகிற காயமும் ஒன்றுதான். பெரும்பாலும் அந்தக் காயத்தின் பெயர் கணக்கு.

நான் போய் இறங்கியபோது வீடு பரீட்சைக்குத் தயாராகியிருந்தது. டெலிவிஷன் பெட்டியின் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது, துக்க வீட்டுக் கண்ணாடி மாதிரி. பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு வாசலில் விளையாடத் தடை. சங்கரன்கோவில் கோமதியம்மன் சந்நிதியிலிருந்து புற்றுமண் வாங்கி வந்து, அம்மா அதை ஒரு தாளில் மடித்துப் பெண்ணுடைய கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். தீராத வியாதிக்கெல்லாம் கொடுக்கிற மருந்து அது. தொகை நுண்கணிதத்துக்கும் ஆகும் என்பது அம்மாவின் நம்பிக்கை.

அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு பாடங்கள். அணிகளில் ஆரம்பித்து, கலப்பெண்கள், முக்கோணவியல், வெக்டர், நுண்கணிதம், நிகழ்தகவு என்று போய், தனிநிலைக் கணிதத்தில் முடிகிறது. பரீட்சை மூன்று மணி நேரம், தொண்ணூறு மார்க்குக்கு. மிச்சம் பத்தைப் பள்ளிக்கூடத்திலேயே போட்டுவிடுகிறார்கள். தொண்ணூறில் இருபது ஒற்றை மார்க் கேள்விகளுக்கு. அதற்குப் பிறகு இரண்டு மார்க், மூன்று மார்க், ஐந்து மார்க் என்று ஏணி மாதிரி ஏறுகிறது. பெண் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, முகம் கழுவி, திண்ணையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். சற்று நேரத்தில் தாலாட்டு மாதிரி ஒரு குரல் கேட்கும். கணக்கை அவள் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்!

முதல் நாள் அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் நாள் வரவில்லை. ஏனென்றால் 1997-இல் அதே திண்ணையில், அதே நேரத்தில், நானும் அதையேதான் செய்தேன் என்பது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஒரு கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, 'ஆகவே' என்ற சொல்லைக்கூட விடாமல், தேவாரம் மாதிரி மனப்பாடம் செய்தவன் நான். கேள்வியில் இரண்டுக்குப் பதில் மூன்று வந்துவிட்டால் அன்றைக்குத் தேவாரம் நின்றுவிடும்.

அவளுக்குப் பாடம் சொல்லித்தர உட்கார்ந்தேன். மூன்றே நாளில் ஒன்று விளங்கியது. எனக்கு ஒன்றும் தெரியாது என்பது. அது போகட்டும், அதை எதிர்பார்த்துத்தான் போனேன். இன்னொன்றும் விளங்கியது. அந்தப் பெண் கணக்கில் மக்கு அல்ல. பத்தாம் வகுப்பு வரையில் தமிழில் படித்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். பிளஸ் ஒன்னில், 'நாளைக்கு இன்ஜினீயரிங் காலேஜில் எல்லாம் இங்கிலீஷில்தான் இருக்கும், இப்போதே பழகிக்கொள்ளட்டும்' என்று யாரோ பெரிய மனசு பண்ணிச் சொல்ல, இங்கிலீஷ் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி.

"என்னம்மா கேட்டிருக்கான், சொல்லு பார்ப்போம்" என்றேன் ஒரு கணக்கைக் காட்டி.

அவள் வாசித்தாள். மறுபடி வாசித்தாள். "என்ன செய்யணும்னு தெரியுது மாமா. என்ன கேட்டிருக்கான்னுதான் தெரியலை" என்றாள்.

இதைக் கேட்டு நான் சும்மா இருந்தேன். திண்ணையின் மறுகோடியில் ஈஸிசேரில் சாய்ந்திருந்த அப்பா சும்மா இருக்கவில்லை. கண்ணை மூடியபடியே, "தொடுகோடுன்னு ஒண்ணு படிச்சிருப்பியே. அதைத்தான் இவன் டான்ஜென்ட்டுன்னு சொல்லுதான்" என்றார்.

பெண் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"அது முக்கோணத்துல வாரது இல்லியா தாத்தா? சைன், காஸ், டான்?"

"அங்கயும் அவன்தான். ஒரே பேருல ரெண்டு ஆளு இருக்கான். எனக்கு அந்த ரெண்டு பேரையும் பிரிச்சு அறியதுக்குள்ள அந்த வருஷமே முடிஞ்சுபோச்சு" என்றார் அப்பா.

அவர் எழுபதைத் தாண்டியவர். கரிசல் காட்டில் பருத்தியும் உளுந்தும் போட்டு, கொஞ்சம் செம்மறியும் வைத்திருந்து, எங்களை ஆளாக்கினவர். அவர் பி.யூ.சி. படித்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். ஊரில் கொஞ்ச காலம் அது ஒரு பட்டமாகவே இருந்தது. பள்ளி இறுதி வகுப்பைப் பதினோரு வருஷத்தில் தமிழிலேயே முடித்துவிட்டு, 1966-இல் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தார். இப்போது எங்கள் ஊரில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. அப்பா படித்த நாளில் அது கிடையாது. கல்லூரி என்றால் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். ஒரு வருஷம் படித்தார். பிறகு, 'மழை பொய்த்துவிட்டது, வீட்டில் ஆள் இல்லை, படிப்பை நிறுத்திவிட்டு வந்துவிட்டேன்' என்பது நாங்கள் சின்ன வயசிலிருந்து கேட்டு வந்த வரலாறு. அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. குடும்பத்துக்காகப் படிப்பைத் துறந்த மனிதர் அல்லவா?

அன்றைக்கு ஆரம்பித்து, பெண்ணுடைய சந்தேகங்கள் என்னைத் தாண்டி ஈஸிசேருக்குப் போகத் தொடங்கின. அப்பாவுக்குப் பன்னிரண்டு பாடத்தில் ஒன்றுகூட முழுசாகத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சொற்கள்தான். அந்த ஒரு வருஷத்தில் தம்மைப் பயமுறுத்திய சொற்களை ஒன்று விடாமல் அவர் நெஞ்சில் வைத்திருந்தார். வகுப்பில் வாத்தியார் முதல் நாள் 'ரியல் நம்பர்' என்றாராம். அப்படியானால் பொய் நம்பரும் உண்டோ என்று இவர் மனசுக்குள் நினைத்துச் சிரித்துக்கொண்டாராம். இரண்டு மாதம் கழித்து அதே வாத்தியார், 'இமாஜினரி நம்பர்' என்று ஒன்றைக் கொண்டுவந்து கரும்பலகையில் நிறுத்தினாராம். "அன்னையிலேருந்து நான் சிரிக்கதை விட்டுட்டேன்" என்றார். கர்ணம் என்று அவர் தமிழில் படித்த கோடு, ஹைப்பாட்டனூஸ் என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்ததாம். ஊரில் கூடப் படித்தவனைப் பட்டணத்தில் பார்த்தால் அடையாளம் தெரியாமல் விழிக்கிறோமே, அப்படி விழித்தாராம்.

இந்தச் சொற்களின் யாத்திரை ஒரு வேடிக்கையான சமாசாரம். அவரை மிரட்டிய 'சைன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வட்டத்தில் ஒரு நாண் போட்டால் வில்லும் நாணும் மாதிரி இருக்கும். அதன் பாதியை அளந்து அட்டவணை போட்டவர் ஆரியபட்டர், 499-ஆம் வருஷத்து நூலில். வில்லின் நாணுக்கு வடமொழியில் 'ஜ்யா', 'ஜீவா' என்று பெயர். அதை அராபியர்கள் 'ஜிபா' என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் எழுத்தில் உயிர்க்குறி போடாமல் விடுவது வழக்கமாதலால், பின்னால் வந்தவர்கள் அதை 'ஜைப்' என்று படித்துவிட்டார்கள். அதற்குச் சட்டையின் மடிப்பு, மார்பு என்று அர்த்தம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தவர்கள் அந்த மடிப்பையே 'ஸைனஸ்' என்று பெயர்த்தார்கள். அதுதான் 'சைன்' ஆகி, கப்பலேறி, கல்லூரி வகுப்புக்குள் வந்து, கரிசல் காட்டுப் பையன் ஒருவனை முறைத்துப் பார்த்தது. இங்கிருந்து போன நாண்தான் அது என்று யாராவது அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவன் பயம் பாதி குறைந்திருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் பெண் வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் என்ற பாடத்தை வைத்துக்கொண்டு கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். மிகப் பெரியது எப்போது, மிகச் சிறியது எப்போது என்று கண்டுபிடிக்கிற கணக்குகள் அவை. வேலி போடக் கம்பி இவ்வளவு இருக்கிறது, அதைக்கொண்டு வளைக்கக்கூடிய மிகப் பெரிய செவ்வக நிலம் எது என்கிற மாதிரி. அவளுக்கு வழி மனப்பாடம். எதற்காக அந்த வழி என்பதுதான் மனசில் இல்லை.

அப்பா விஷயத்தைக் கேட்டார். "கம்பி கிடக்கட்டும். உங்கிட்ட நாப்பது படல் இருக்கு. கிடை அடைக்கணும். எப்படி அடைப்ப?" என்றார்.

படல் என்றால் என்னவென்று பட்டணத்து வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆட்டுக் கிடையைச் சுற்றி மறிப்பதற்காக விளாறுகளால் பின்னிய தட்டி. அறுவடை முடிந்த காட்டில் இதை நாலு பக்கமும் நட்டு ஆடுகளை உள்ளே அடைப்பார்கள். விடியும்போது நிலத்துக்கு எரு கிடைத்திருக்கும்.

பெண் யோசித்தாள். "பதினைஞ்சு நீளம், அஞ்சு அகலம்."

"எழுபத்தஞ்சுதான் ஆச்சு. பத்துக்குப் பத்து வச்சா?"

"நூறு."

"அப்பம் சதுரந்தான் பெருசு. சரி, இப்பம் ஒரு பக்கம் சுவர் இருக்கு. அந்தப் பக்கத்துக்குப் படல் வேண்டாம். மூணு பக்கம் அடைச்சாப் போதும். அதே நாப்பது படல்."

"அப்பவும் சதுரந்தான் தாத்தா. நாப்பதை மூணு பங்கு வைக்கணும். பதிமூணு, பதிமூணு, சுவருக்கு எதிர்ப்பக்கம் பதினாலு. நூத்தி எண்பத்திரண்டு."

"கிடை போடுதவன் அப்படி அடைக்க மாட்டான். ரெண்டு பக்கமும் பத்துப் பத்து வச்சிட்டு, எதுத்தாப்புல இருபதை நீட்டி விடுவான்."

அவள் பெருக்கிப் பார்த்தாள். இருநூறு. பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினாறு என்று வைத்துப் பார்த்தாள், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. எட்டு, எட்டு, இருபத்துநாலு என்று மாற்றினாள். அதுவும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் குறைந்தது.

"ஏன் தாத்தா?"

இந்த இடத்தில் அப்பா ஈஸிசேரிலிருந்து எழுந்துவிட்டார். குனிந்து ஒரு சாக்குக்கட்டியை எடுத்து, திண்ணைத் தரையில் ஒரு கோடு கிழித்தார். "இது சுவர். இந்தப் பக்கம் தம்பி கிடை. அந்தப் பக்கம் அண்ணன் கிடை. ஆளுக்கு நாப்பது படல். ரெண்டு பேரும் ஒண்ணு போல அடைக்கான். இப்பம் நடுவுல இருக்க சுவரை எடுத்துரு. என்ன இருக்கு?"

"ஒரே கிடையா ஆயிரும்."

"எத்தனை படல்?"

"எண்பது."

"எண்பது படலுக்குப் பெரிய கிடை எது?"

"சதுரம். இருபதுக்கு இருபது." சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றாள். "அதுல பாதி தம்பிக்கு! இருபதுக்குப் பத்து!"

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண் நோட்டை இழுத்து, அகலத்தை எக்ஸ் என்று வைத்து, பரப்புக்குச் சமன்பாடு எழுதி, அதை வகையிட்டு, பூஜ்யத்துக்குச் சமப்படுத்தினாள். எக்ஸ் பத்து என்று வந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக, அந்தப் பூஜ்யம் எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது. ஏறுகிற பரப்பு இறங்கப் போவதற்கு முன்னால் ஒரு கணம் ஏறாமலும் இறங்காமலும் நிற்கிறதே, அந்த இடத்தைத்தான் அந்தப் பூஜ்யம் பிடித்துக்கொடுக்கிறது. அவள் என்னிடம் அதைச் சொன்னாள். எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

இரவு சாப்பாடு முடிந்து நான் உள் அறையில் படுத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே திண்ணை. தாத்தாவும் பேத்தியும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"தாத்தா, உங்களுக்கு பி.யூ.சி.யில கணக்குல எவ்வளவு மார்க்?"

சற்று நேரம் சத்தமே இல்லை. தெற்கே தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தன.

"இருபத்தொண்ணு" என்றார் அப்பா.

"பாஸா?"

"எங்க பாஸு? பெயிலு. மத்ததெல்லாம் தேறியாச்சு. கணக்கு ஒண்ணுதான். செப்டம்பர்ல திரும்ப எழுதலாம்னாங்க. நான் போகலை. மழை இல்லைன்னு சொல்லிட்டேன்."

நான் படுக்கையில் அசையாமல் கிடந்தேன். நாற்பது வருஷமாக நான் கேட்டு வந்த வரலாறு வேறு. பத்து நிமிஷத்துக்கு முன்னால் அறிமுகமான ஒரு கிடைக் கணக்கின் உரிமையில், அந்தப் பெண்ணுக்கு நிஜ வரலாறு கிடைத்துவிட்டது.

எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. 1997-இல் என் எண்பத்தொன்றைப் பார்த்துவிட்டு நான் கொல்லைப்புறத்தில் போய் உட்கார்ந்திருந்தபோது, அப்பா பின்னாலேயே வந்தார். "ராமானுஜமே எப்.ஏ.யில பெயிலானவர்தான்டா. போ, போய்ச் சாப்பிடு" என்றார். அந்த வார்த்தையை அன்றைக்கு எனக்குச் சொன்ன ஆறுதல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வெகு காலம் அதை நம்பியும் வந்தேன். பிறகு ஒரு கதைக்காக ராமானுஜத்தின் சரித்திரத்தைத் தேடிப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது.

ராமானுஜம் பெயிலானது உண்மைதான். கும்பகோணம் கல்லூரியில் 1904-இல் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காததால் அந்தச் சம்பளத்தை இழந்தார். பிறகு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1906-இலும் 1907-இலும் எப்.ஏ. எழுதி, இரண்டு தடவையும் தவறினார். தவறினது மற்றப் பாடங்களில். தவளையின் உடம்பும் மனிதனுடைய உடம்பும் எப்படி வேலை செய்கின்றன என்கிற உடலியல் பாடம் அவரைக் கவிழ்த்த பாடங்களில் ஒன்று. பட்டம் இல்லாமலே 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மறுவருஷம் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். மற்றது உலகத்துக்குத் தெரியும். கணக்கில் தேறி மற்றதில் தவறியவர் அவர். மற்றதில் தேறிக் கணக்கில் தவறியவனுக்கு அவரால் என்ன ஆறுதல்?

ஆனால் அன்று இரவு படுத்திருந்தபோது எனக்கு வேறொன்று தட்டுப்பட்டது. ராமானுஜத்தை உருவாக்கியதாக எல்லோரும் சொல்லுகிற புத்தகம், கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்தது. ஐயாயிரம் சொச்சம் சூத்திரங்கள், பெரும்பாலும் நிரூபணம்கூட இல்லாமல், வரிசையாக அடுக்கியிருக்கும். அந்த கார் பெரிய கணித மேதை அல்ல. கேம்பிரிட்ஜ் கணக்குப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துவந்த தனி வாத்தியார். அந்த டியூஷன் குறிப்புகள்தான் புத்தகமாயின. நம் ஊர்க் கோனார் நோட்ஸ் மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு நெட்டுருப் போடுவதற்காகச் செய்த ஒரு சாமானை வைத்துக்கொண்டு, நிரூபணம் இல்லாத இடத்திலெல்லாம் தாமே ஒரு நிரூபணத்தைக் கட்டிப் பார்த்தார், கும்பகோணத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பையன்.

நெட்டுருப் போடுவது நம் நாட்டுக்கே உரிய வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அப்படியில்லை. கேம்பிரிட்ஜில் அந்தப் பரீட்சைக்குப் பிள்ளைகள் தனி வாத்தியார்களுக்குப் பணம் கட்டி, பந்தயக் குதிரை மாதிரிப் பழகினார்கள். ரௌத் என்கிற ஒரு வாத்தியாரிடம் படித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் முதல் இடம் வாங்கியிருக்கிறார்கள். ராமானுஜத்தைக் கண்டெடுத்த ஹார்டியும் அந்தப் பந்தயத்தில் ஓடி, 1898-இல் நாலாவதாக வந்தவர்தான். ஆனால் அவர் அந்தப் பரீட்சையை ஜன்மத்துக்கும் வெறுத்தார். அது கணக்கைக் கொன்றுவிடுகிறது என்பது அவர் கட்சி. முதல், இரண்டாவது என்று வரிசை போட்டு வாசிக்கிற வழக்கம் 1909-ஓடு அங்கே நின்றுபோயிற்று. நாம் இன்னும் முதல் மார்க் வாங்கிய குழந்தையின் வாயில் லட்டைத் திணித்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நெட்டுருவின் மீது எனக்கு இப்போது முன்போல் கோபம் இல்லை. விதையை மடியில் கட்டிக்கொண்டு போவது தப்பல்ல. காட்டுக்குப் போகாமல் கட்டிக்கொண்டே இருப்பதுதான் தப்பு. எங்கள் பெண்ணுடைய மடியிலும் விதை இருந்தது. அவளைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கு, கணக்கில் இருபத்தொன்று வாங்கிய ஒரு மனிதர் தேவைப்பட்டார். எண்பத்தொன்று வாங்கிய நான் போதவில்லை. காரணம், எனக்கு எங்கே தெரியாமல் போயிற்று என்பதே எனக்குத் தெரியாது. அவருக்குத் தாம் தடுக்கி விழுந்த இடம் அங்குலம் அங்குலமாகத் தெரியும். ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்த இடத்தைத்தான் அவர் யாருக்கும் தெரியாமல் தடவிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பரீட்சை நாளன்று காலையில் வீட்டில் சாதாரணமாக இருக்கிறோம் என்று எல்லோரும் நடித்தோம். அம்மா பெண்ணின் நெற்றியில் புற்றுமண் பூசினாள். தங்கை ஹால் டிக்கெட்டை மூன்று தடவை எடுத்துப் பார்த்து மூன்று தடவை உள்ளே வைத்தாள். அப்பா மட்டும் பேசவில்லை. பெண் செருப்பை மாட்டும்போது, "கேள்வியை ரெண்டு தரம் வாசி. அவன் வேற சட்டை போட்டுட்டு வந்திருப்பான். ஆளு நமக்குத் தெரிஞ்ச ஆளுதான்" என்றார்.

பத்து மணிக்கு மணி அடித்து, ஒன்றேகால் மணிக்கு விடுவார்கள். அந்த மூன்றேகால் மணி நேரமும் அப்பா திண்ணையைவிட்டு நகரவில்லை. வெயில் ஏறி ஈஸிசேர்க் கால்வரை வந்தது. இரண்டு மணி வாக்கில் பஸ் வந்து, பெண் இறங்கி வந்தாள். நாங்கள் எல்லோரும் முகத்தைப் பார்த்தோம். அவள் நேரே தாத்தாவிடம் போனாள்.

"கிடை வந்துதா?" என்றார்.

"இல்ல தாத்தா. வேற என்னெல்லாமோ வந்துது. வாசிச்சுப் பாத்தேன், தெரிஞ்ச ஆளுங்கதான். ஒரு அஞ்சு மார்க்குக்கு நேரம் பத்தலை."

அவள் தேறினாள். என்ன மார்க் என்று எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். என் எண்பத்தொன்றைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, அவளுடையதைச் சொல்ல இல்லை. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அடுத்த வருஷம் பரீட்சை எழுத இருந்த பக்கத்து வீட்டுப் பையன் அவளுடைய பழைய கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வந்தான். சர்க்காரே புதுப் புத்தகம் கொடுக்கிறார்கள். இருந்தாலும் இவள் கோடு போட்டு வைத்திருக்கிற புத்தகம் அவனுக்கு வேண்டுமாம். அப்பா கொடுக்கவில்லை. "நீ இங்க வந்து படி" என்று சொல்லிவிட்டாராம். பையன் தினமும் சாயங்காலம் வருகிறான் என்று தங்கை டெலிபோனில் சொன்னாள்.

அந்த இருபத்தொன்றைப் பற்றி அப்பா என்னிடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்குத் தபாலில் போகிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் முதலில் என் பக்கத்தைத்தான் புரட்டுவார். ஜன்னலுக்கு உள்ளே அன்றைக்கு நான் தூங்கவில்லை என்பது அவருக்குத் தெரியட்டும்.